விழுந்த நேரம்

அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லாரும் விழிப்பார்கள். "எப்போ அக்கா எங்க?" என்று கேட்டால் வாசல் காவலாளிகூட கையை நீட்டிக் காட்டுவார். தலையில் அடிபட்டு யாரைத் தூக்கி வந்தாலும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி அதுதான். எப்படி விழுந்தார், எங்கே விழுந்தார், யார் தள்ளிவிட்டார்கள் என்பதெல்லாம் பிறகு. "எப்போ விழுந்தார்?"

தூக்கி வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எரிச்சலைக் கிளப்பும். ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு மனிதன் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறான், இந்த அம்மா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். சீருடைப் பையின் மேல் தலைகீழாகக் குத்தியிருக்கும் சின்னக் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்பாள்.

காரணம் இருக்கிறது. தலைக்குள் ரத்தம் கசிந்தால் அது வெளியேற வழி கிடையாது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. தேங்குகிற ரத்தம் மூளையைத்தான் நெருக்கும். அந்தக் கசிவு பெருகாமல் பிடித்து நிறுத்த ஒரு மருந்து உண்டு. டிரானெக்சாமிக் ஆசிட் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். பிரிவில் எல்லாரும் 'மூணு மணி ஊசி' என்பார்கள். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூன்று மணி நேரம் கடந்துவிட்டால் பயன் இல்லை, கெடுதல்கூட செய்யலாம் என்பதால் தொட மாட்டார்கள். ஆகவே படிவத்தில் 'அடிபட்ட நேரம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் இத்தனை வருடங்களாக அவள் பாடு.

நேரம் கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை, ஆனாலும் பொய்யாகிவிடும். தூக்கி வந்தவர்கள் எப்போதும் "இப்பதான்" என்பார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தது, தூங்கினால் சரியாகிவிடும் என்று போர்த்திவிட்டது, மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கிக் கொடுத்தது எல்லாவற்றையும் மென்று விழுங்கி, நேரத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். விழுந்தவரோ, பேசும் நிலையில் இருந்தால், நேரத்தைப் பின்னால் தள்ளுவார். "அது அப்பவே விழுந்தது, பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்" என்று எழுந்து உட்காரப் பார்ப்பார்.

அதனால் அவள் மணி கேட்பதோடு நிறுத்த மாட்டாள். சுற்றி வளைத்துப் பிடிப்பாள். சுவருக்கு வண்ணம் அடிக்கும் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து வந்தபோது அவர் மனைவி அரை மணி நேரம்தான் ஆகிறது என்று அடித்துச் சொன்னாள்.

"அவர் விழுந்தப்போ நீங்க என்ன செஞ்சுட்டிருந்தீங்க?"

"துணி ஊற வச்சிட்டிருந்தேன்."

"இப்போ அந்தத் துணி எங்க?"

"மடிச்சு அலமாரியில வச்சுட்டுத்தானே…" என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அரை மணி நேரத்துல காயற துணி எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று சிரிக்காமல் கேட்டுவிட்டு, இன்னும் நாலைந்து கேள்வி கேட்டு, அந்தக் கட்டத்தில் நாலரை மணி நேரம் முந்தைய நேரத்தை எழுதினாள். ஊசி போடவில்லை. நேராக அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள்.

இந்தக் கறாருக்கு ஒரு பழைய கதை உண்டு. இருபத்து மூன்று வயதில் அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு மூளை வீக்கம் வற்ற என்று ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். எல்லாரும் போட்டார்கள், எல்லா ஊரிலும் போட்டார்கள். அவளும் தன் கையால் எத்தனையோ பேருக்கு ஏற்றினாள். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலை அதை உடனே நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. பல நாடுகளில் சேர்ந்து செய்த பெரிய ஆய்வு ஒன்றில், போடாதவர்களைவிடப் போட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். அன்றைக்கு மத்தியானம் மருந்து அலமாரியின் மூன்றாவது தட்டைக் காலி செய்தவள் அவள்தான். நல்லது என்று நம்பிப் போட்டதுதான். யார் மீதும் குற்றம் இல்லை. ஆனால் அதன் பிறகு, 'போட்டு வைப்போம், என்ன ஆகிவிடப் போகிறது' என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். ஒன்று நாற்பத்தேழு என்றால் நாற்பத்தேழுதான். ஒன்றே முக்கால் என்று எழுதவே மாட்டாள்.

வீட்டிலும் அப்படித்தான். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பெரும்பாலான நேரம் ஏதாவது ஒரு கட்டிடத்தின் வயிற்றுக்குள் தொங்கிக்கொண்டிருப்பார். அவர் சாப்பாட்டு மேசையில் ஒரு கதையைத் தொடங்கினால் அவள் இடையில் புகுந்து "இது எத்தனை மணிக்கு?" என்பாள். "நம்ம கல்யாணத்துக்கு நீ எட்டு நிமிஷம் லேட், அதையும் எழுதிக்கோ" என்பார் அவர்.

நேர விஷயத்தில் அவளுக்கு வீட்டில் ஒரே ஒரு போட்டியாளர், மாமனார். முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வுபெற்று, மனைவியை இழந்து, மகன் வீட்டோடு இருக்கிறார். வயது எழுபத்து நான்கு. தான் வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டு ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்பது அவர் வாழ்நாள் பெருமை. அவருடைய கைக்கடிகாரம் இரண்டு நிமிடம் வேகமாக ஓடும். "உங்க கடிகாரம் ஃபாஸ்ட், மாமா" என்றால், "ஊரே ரெண்டு நிமிஷம் ஸ்லோம்மா" என்பார்.

அந்த சனிக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. புது மூக்குக்கண்ணாடி வாங்குவதற்காக ஒன்பதரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினாள். கிளம்பும்போது மாமனாரைப் பார்த்து, "மொட்டை மாடி தொட்டி பக்கம் போகாதீங்க, உங்க மகன் நாளைக்குச் சுத்தம் பண்ணுவார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரமாக மகன் நாளைக்குத்தான் செய்துகொண்டிருந்தார். கிழவருக்குக் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டேகாலுக்குத் திரும்பி வந்தபோது மாமனார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை ஈரமாக இருந்தது. தோளில் துண்டு. குளித்திருப்பார் என்று நினைத்தாள். புதுக் கண்ணாடியைக் காட்டினாள். "நல்லா இருக்கு" என்றார். வழக்கமாக அதற்கு ஒரு நக்கல் வந்திருக்க வேண்டும். அதை அவள் கவனிக்கவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"நீ எப்போ வந்தே?" என்று கேட்டார்.

"பன்னிரண்டேகாலுக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். அவள் சொன்னாள். மூன்றாவது தரம் கேட்டபோது கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் எழுந்து வாசல்பக்கம் போக முயன்று, போகும் வழியிலேயே வாந்தி எடுத்தார். மணி ஒன்று ஐந்து. அவர் தலையைப் பிடித்துத் தடவினாள். இடது காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு வீங்கி, மெத்தென்று இருந்தது. முடிக்கடியில் ஒரு சின்ன வெட்டு. கழுவிச் சுத்தமாக வைத்திருந்தார்.

ஐம்பது நிமிடமாக அவர் எதிரில் உட்கார்ந்து கண்ணாடி விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு டியூஷன் வாத்தியாரின் காரில் ஏற்றிக்கொண்டு, ஒன்று இருபத்தேழுக்குத் தான் தினமும் நிற்கிற அதே வாசலில் போய் இறங்கினாள். அன்றைக்குப் பணியில் இருந்தவன் மாப்பிள்ளை. அவன் ஆண் செவிலியன். கல்யாணமான மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டான் என்று வைத்த பெயர். ஒன்பது வருடமும் இரண்டு பிள்ளைகளும் ஆன பிறகும் அவன் மாப்பிள்ளைதான். ஓடி வந்து மாமனாரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தான். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தான், கையை அழுத்தச் சொன்னான். படிவத்தை எடுத்தான்.

"எப்போ விழுந்தார், அக்கா?"

"இப்பதான்," என்றாள். "ஒரு மணி நேரம் இருக்கும்."

மாப்பிள்ளை எழுதவில்லை. பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த வாசலில் அவள் நம்ப மறுத்த சொல் அது.

"எழுதாதே," என்றாள். "எனக்குத் தெரியல. பன்னிரண்டேகாலுக்கு நான் வந்தப்போ நாற்காலியில உட்கார்ந்திருந்தார். தலை ஈரமா இருந்துச்சு. குளிச்சிருக்கார்னு நினைச்சுட்டேன்."

"ஒன்பதரை," என்றார் மாமனார், ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக்கொண்டே. குரல் தடித்திருந்தது. "இவ வெளிய போன உடனே. நான் பஸ் ஓட்டினவன் தம்பி. எனக்கு நேரம் தெரியும்."

"எங்கிருந்து விழுந்தீங்க?"

"ஏணியிலிருந்து. ஒன்பதரை. எழுதிக்கோ."

மாப்பிள்ளை பென்சிலால் எழுதிக்கொண்டு அவரை ஸ்கேன் அறைக்குத் தள்ளிப் போனான். அவள் கூடவே போகவில்லை. பணியில் இல்லாத ஊழியர்களும் உறவுக்காரர்கள்தான், தரையில் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது அவளே போட்டு வைத்த சட்டம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கணவருக்கு மூன்று தரம் போன் செய்தாள். மணி அடித்து அடித்து அடங்கியது. லிஃப்ட் குழிக்குள் இருக்கிறார் என்று அர்த்தம்.

ஒன்று நாற்பதுக்குச் சின்ன டாக்டர் வந்தார். வேலைக்கு வந்து எட்டு மாதமான பெண். அவசரப் பிரிவில் எதைத் தொட்டாலும் முதலில் எப்போ அக்காவின் முகத்தைப் பார்ப்பவர்.

"இடது பக்கம் மெல்லிசா ரத்தம் கட்டியிருக்கு சிஸ்டர். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். பெருகினா வேணும். பெரிய டாக்டருக்குச் சொல்லிட்டேன். ரத்தம் இளக மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்போ அந்த ஊசி போடலாம். ஆனா இதுல ஒன்பதரைன்னு இருக்கு. நாலு மணி நேரம் தாண்டிடுச்சு." சின்ன டாக்டர் படிவத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க? நீங்க சொல்ற நேரத்தை எழுதிக்கறேன்."

அங்கே யாருக்கும் சந்தேகம் வராது. பதினொன்று இருபது என்று அவள் சொன்னால் பதினொன்று இருபதுதான். அந்தக் கட்டிடத்தில் நேரம் என்பது அவள் வாயில் வருவதுதான். உள்ளே கிடப்பவர் அவளுடைய கணவரின் தகப்பன், தினமும் அவளோடு மல்லுக்கு நிற்கிற மனிதர். நாளைக்கு அந்த ரத்தம் பெருகி, பேச்சு போய், ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டி வந்தால் வீட்டில் அதைச் செய்யப் போகிறவளும் அவள்தான். ஒரு எண். அவ்வளவுதான். ஆனால் நிஜமாகவே ஒன்பதரைக்கு விழுந்திருந்தால், நல்லது என்று நினைத்து ஏற்றுகிற ஊசி என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும். மூன்றாவது தட்டைக் காலி செய்த கை அது.

"எனக்குத் தெரியாத நேரத்தை நான் சொல்ல மாட்டேன் டாக்டர்," என்றாள்.

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தான். "அக்கா, நீங்களே சொல்வீங்களே. தலையில அடிபட்டவங்க சொல்றது விழுந்த நேரம் இல்ல, கடைசியா ஞாபகம் இருக்கற நேரம்னு. அவருக்கு நீங்க வெளிய போனது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் நடந்தது அழிஞ்சு போயிருக்கலாம்ல?"

அழிந்து போகும். அடிபடுவதற்கு முன்னால் இருந்த ஒரு மணி, இரண்டு மணி நேரம் பலருக்கு அப்படியே துடைத்துவிட்ட மாதிரி போய்விடும். எத்தனை பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், இன்றைக்கு அவளுக்கே தோன்றவில்லை.

"அவர் சட்டைப் பையில போன் இருக்கும். எடு," என்றாள்.

போனின் கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. அழைப்புப் பட்டியலில் அன்றைக்கு ஒரே ஒரு அழைப்பு. 'மகன்'. பத்து நாற்பத்தொன்பது. ஐந்து நிமிடம்.

"பத்து ஐம்பத்து நாலு வரைக்கும் பேசியிருக்கார்," என்றார் சின்ன டாக்டர். "அப்போ அதுக்கப்புறம்தான் விழுந்திருக்கார்."

"விழுந்த பிறகும் போன் பேசலாம் டாக்டர். ஒன்பதரைக்கு விழுந்து, கழுவி, உட்கார்ந்து பேசியிருக்கலாம். என்கிட்டயும்தான் பன்னிரண்டேகாலுக்குப் பேசினார்." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று நாற்பத்து மூன்று. "என் வீட்டுக்காரரைக் கேட்கணும். நீங்களும் கேளுங்க. என் வாய்வழியா மட்டும் வேண்டாம்."

கணவரின் அலுவலக எண்ணுக்கு அடித்தாள். எடுத்தவர் ஒன்பது மாடிக் கட்டிடத்தின் மேற்பார்வையாளர் எண்ணைக் கொடுத்தார். மேற்பார்வையாளர் குழிக்குள் தலையை நீட்டிக் கத்துவது போனில் கேட்டது. "யோவ் லிஃப்டு, உன் சம்சாரம். அவசரமாம்." கம்பிகள் உரசும் சத்தம். பிறகு கணவரின் மூச்சு. அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். ஒன்று நாற்பத்தாறு.

"காலையில மாமாகிட்ட பேசினீங்களா?"

"பேசினேன். ஏன்?"

"என்ன பேசினீங்க?"

"சும்மாதான். சாப்பிட்டீங்களா, வெயில் எப்படின்னு…"

ஐந்து நிமிடம் வெயிலைப் பற்றிப் பேசுகிற குடும்பம் இல்லை அது. அவள் வாசலில் நின்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"இங்க பாருங்க. மாமா விழுந்துட்டார். தலையில அடி. என் ஆஸ்பத்திரியில இருக்கோம். நான் சண்டை போடறதுக்குக் கேட்கல, ஊசிக்குக் கேட்கறேன். பேசும்போது அவர் எங்க நின்னுட்டிருந்தார்?"

குழிக்குள் எங்கோ ஒரு மோட்டார் முனகியது.

"ஏணியில," என்றார் கணவர்.

"சொல்லுங்க."

"தொட்டி மூடியில போல்ட்டு இறுகிடுச்சாம். ஸ்பேனர் எங்க வச்சேன்னு கேட்டார். சொன்னேன். மூணு வாரமா சொல்றேன், கேட்கல, தடிமாடுன்னு திட்டினார்."

"பேச்சு தெளிவா இருந்துச்சா? சொன்னதையே சொன்னாரா?"

"சொன்னார். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்."

சின்ன டாக்டர் நிமிர்ந்தார்.

"என்ன வார்த்தை?"

"தடிமாடு."

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. "அது கணக்கில்ல. ஸ்பேனரைப் பத்திச் சொன்னதை ஒரே தரத்துல புரிஞ்சுக்கிட்டாரா?"

"புரிஞ்சுக்கிட்டார். நீலப் பெட்டியா மஞ்சப் பெட்டியான்னு கேட்டார். மஞ்சன்னேன். அதுல பன்னிரண்டாம் நம்பர் இல்ல, பதிமூணுதான் இருக்கு, அது போதும்னார். தலை வலிக்குதுன்னு எதுவும் சொல்லல. எப்பவும் போலத்தான்." கம்பிகள் மறுபடியும் உரசின. "நான் இறங்கச் சொல்லியிருக்கணும். உனக்குத் தெரியாம முடிச்சுட்டு இறங்கிடுங்கன்னு சொன்னேன். அதான் முதல்ல… அப்பா எப்படி இருக்கார்?"

"பேசறார். கிளம்பி வாங்க. மெதுவா வாங்க," என்று போனை வைத்தாள்.

ஏணிமேல் நின்றுகொண்டு, பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் வித்தியாசம் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தலையில் அடிபட்டிருக்க முடியாது. விழுந்தது பத்து ஐம்பத்து நான்குக்குப் பிறகுதான். பதினொன்றாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். மோசமான கணக்கையே வைத்துக்கொண்டாலும் ஒன்று ஐம்பத்து நான்கு வரை நேரம் உண்டு. மணி ஒன்று நாற்பத்தொன்பது.

"போடறோம்," என்றார் சின்ன டாக்டர்.

மாப்பிள்ளை மருந்தை இழுத்தான். அதை அவள் ஆயிரம் தரம் செய்திருக்கிறாள். பாட்டிலின் கழுத்தை எங்கே தட்ட வேண்டும் என்று அவள் விரலுக்குத் தெரியும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, கையோடு வந்துவிட்ட மூக்குக்கண்ணாடிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் ஏற்றுவதைப் பார்த்தாள். பத்து நிமிடத்துக்கு மெதுவாக ஏற வேண்டிய மருந்து. ஒன்று ஐம்பத்தொன்றுக்கு முதல் சொட்டு இறங்கியது. மாப்பிள்ளை பென்சிலில் எழுதியிருந்த ஒன்பதரையை அடித்துவிட்டு, '10:54க்குப் பிறகு' என்று பேனாவால் எழுதி, பக்கத்தில் 'மகன் தொலைபேசியில் சொன்னது, மருத்துவர் கேட்டது' என்று குறித்தான்.

இரண்டேகாலுக்குக் கணவர் வந்தார். கை முழுக்க மசகு எண்ணெய். வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"திட்டணும்னா திட்டிடு."

"வரிசையில நில்லுங்க," என்றாள். "முதல்ல நான் என்னைத் திட்டி முடிக்கறேன். ஐம்பது நிமிஷம் எதிர்ல உட்கார்ந்திருந்தேன்."

அவர் அவள் தோளைத் தொடப் போய், கையைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மீண்டும் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கட்டு அதே அளவில் இருந்தது. பெருகவில்லை. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். ஊசியால்தான் நின்றதா என்று கணவர் கேட்டார். பெரிய டாக்டர் கையை விரித்தார். "ஆயிரம் பேருக்குப் போட்டா சில பேர் கூடுதலா பிழைக்கறாங்க. அந்தச் சில பேர்ல உங்க அப்பா ஒருத்தரான்னு என்னால சொல்ல முடியாது. போடாம இருந்தாலும் நின்னிருக்கலாம்." கணவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. சரியான பதில் என்று தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குத் திரும்பினாள். படிக்கட்டில் சறுக்கி விழுந்த ஒரு தையற்காரரைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த தம்பி "இப்பதான்" என்றான். அவள் அவனுக்கு முதலில் நாற்காலி போட்டாள். பிறகு, "விழறதுக்கு முன்னாடி கடைசியா யார்கிட்ட பேசினார்?" என்று கேட்டாள். வேலை முடிந்ததும் மேல்மாடி வார்டுக்கு மாமனாரைப் பார்க்கப் போனாள்.

அவர் தேறிக்கொண்டிருந்தார். பேச்சு திரும்பிவிட்டது. வாசனை மட்டும் போய்விட்டது. சோப்பை மூக்கருகில் கொண்டுபோனாலும் சுவரை முகர்வது போலத்தான் இருக்கிறது என்றார். சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனதைக் குடைந்தது வேறு.

"எல்லாரும் சேர்ந்து பதினொரு மணின்னு எழுதியிருக்கீங்களாமே."

"பத்து ஐம்பத்து நாலுக்கு அப்புறம்னு எழுதியிருக்கு, மாமா."

"நான் ஒன்பதரைக்கு விழுந்தேன். நீ கதவைச் சாத்தினே, நான் ஏறினேன், விழுந்தேன். நடுவுல ஒண்ணும் கிடையாது. ஊசி போடணும்னு அவன் பொய் சொல்லியிருக்கான், நீயும் ஆமான்னு சொல்லியிருக்கே."

"நான் அப்படிச் செய்வேனா?"

அவர் அவளைப் பார்த்தார். செய்ய மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதுதான் அவரை இன்னும் சங்கடப்படுத்தியது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு நிறுத்தத்தைக்கூடத் தவறவிடாத மனிதருக்கு ஒன்றரை மணி நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அவள் விரிசல் விட்ட போனை எடுத்து, அழைப்புப் பட்டியலைத் திறந்து, அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணைச் சுருக்கி வெகு நேரம் பார்த்தார்.

"இதுல நேரம்தான் இருக்கு. நான் பேசினதுக்கு என்ன ஆதாரம்? போன் தானா அடிச்சுத் தானா அணைஞ்சிருக்கும்."

"அஞ்சு நிமிஷமா?"

"என்ன பேசினேனாம்?"

"ஸ்பேனர் கேட்டீங்களாம்."

"யார் வேணும்னாலும் ஸ்பேனர் கேட்பாங்க." போனைப் படுக்கையில் வைத்தார். "அப்புறம்?"

"அவரைத் திட்டினீங்களாம்."

"என்னன்னு?"

"தடிமாடுன்னு. நாலஞ்சு தரம்."

அவர் தலையணையில் சாய்ந்தார். கூரையைப் பார்த்தார். வலிப்பு வராமல் இருக்க ஏழு நாளைக்குக் கொடுக்கிற மாத்திரையை அவள் உறையிலிருந்து பிரித்து, தண்ணீரோடு நீட்டினாள். இது நான்காம் நாள் மாத்திரை. அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"அப்படின்னா நான்தான் பேசியிருப்பேன்," என்றார்.